நள்ளிரவு நாற்காலி – 9: நோயின் நடுவிலிருந்து ஒரு குரல்

ஆஸ்கர் லெவான்ட் தோன்றும் பழைய தொலைக்காட்சிப் பதிவுகள் சில இன்றும் கிடைக்கின்றன. பார்ப்பவர் கண் முதலில் போவது அவருடைய கைகளுக்குத்தான். ஒரு கை அடிக்கடி நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். உதடு கோணும், இமை படபடக்கும், உடம்பு நாற்காலியில் நிலைகொள்ளாது. எழுபதை நெருங்கிய கிழவர் என்றே தோன்றும். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

உடற்பயிற்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று நள்ளிரவு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜாக் பார் ஒருமுறை அவரிடம் கேட்டார். தடுக்கி விழுவேன், அப்படியே கோமாவுக்குப் போய்விடுவேன் என்றார் லெவான்ட்.

அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பதில்களில் இது ஒன்று. நகைச்சுவைத் தொகுப்புகளில் இன்றும் இடம்பெறுகிறது. ஆனால் அதை வெறும் நகைச்சுவையாகப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். வலிநிவாரண ஊசிக்கும் தூக்க மருந்துக்கும் அடிமையாகி, மனநல மருத்துவமனைக்குள் போவதும் வருவதுமாக இருந்த ஒருவர், தன் அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கேட்டதற்கு ஏறத்தாழ உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

1954 செப்டம்பரில் ஸ்டீவ் ஆலன் தொடங்கிவைத்த என்பிசியின் ‘டுநைட்’ நிகழ்ச்சி, 1957 ஜூலை 29 அன்று ஜாக் பார் கைக்கு வந்தது. ஆலன் பியானோ வாசித்தார், வேடிக்கைகள் செய்தார், தெருவில் இறங்கி மக்களோடு விளையாடினார். ஜாக் பாருக்கு அதெல்லாம் வராது. சிறுவயதில் திக்குவாயோடு போராடியவர் அவர். எளிதில் கண்கலங்குவார், எளிதில் கோபப்படுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே இருப்பவரைப் பேசவைப்பது. ஒரு மேசை, பக்கத்தில் ஒரு நாற்காலி, இரவு பதினொன்றே காலுக்கு மேல் முடிவில்லாமல் நீளும் பேச்சு. பிள்ளைகள் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையறையில் பார்க்கிற நிகழ்ச்சி. பகலில் சொல்ல முடியாத விஷயங்களுக்கு அந்த நேரமே ஒரு திரையாக அமைந்தது. அந்தத் திரையை லெவான்ட்டைவிட முழுமையாகப் பயன்படுத்தியவர் அந்தக் காலத்தில் யாரும் இல்லை.

யார் இந்த லெவான்ட்?

1906 டிசம்பர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பியானோ கற்க நியூயார்க் வந்தார். அங்கே ஜார்ஜ் கெர்ஷ்வினின் இசையும், பின்பு கெர்ஷ்வினும் அவரை ஆட்கொண்டார்கள். கெர்ஷ்வின் வீட்டில் பியானோவுக்கு அருகிலேயே கிடந்தார் என்று சொல்லலாம். லெவான்ட்டும் பாட்டு எழுதினார். 1934-இல் அவர் இசையமைத்த ‘பிளேம் இட் ஆன் மை யூத்’ இன்றும் ஜாஸ் பாடகர்கள் விடாமல் பாடுகிற பாட்டு. ஹாலிவுட்டில் இருந்தபோது ஆர்னால்ட் ஷோன்பெர்க்கிடம் இசையமைப்பு படித்தார். ஆனாலும் பக்கத்தில் ஒரு கெர்ஷ்வின் இருக்கும்போது தான் எழுதுவதற்கு என்ன மதிப்பு என்கிற கேள்வி அவரை விடவில்லை. 1937 ஜூலையில் மூளைக் கட்டியால் கெர்ஷ்வின் 38 வயதில் இறந்தார். செப்டம்பரில் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் நடந்த நினைவுக் கச்சேரியில், நண்பர் எழுதிய பியானோ கன்செர்ட்டோவை வாசித்தவர் லெவான்ட். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க உலகம் அவரைக் கெர்ஷ்வினை வாசிக்கிறவராகவே பார்த்தது. அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, ஆறாத புண்ணும் இருந்தது.

புகழுக்குக் குறைவில்லை. 1938-இல் தொடங்கிய ‘இன்பர்மேஷன் ப்ளீஸ்’ வானொலி வினாடி வினாவில், நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு அறிஞர் குழு பதில் சொல்லும். அந்தக் குழுவில் லெவான்ட்டின் நாக்குக்காகவே வானொலியைத் திருப்பியவர்கள் ஏராளம். 1940-இல் வந்த அவருடைய முதல் புத்தகம் விற்பனையில் முன்னணியில் நின்றது. 1940-களில் அமெரிக்காவில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய கச்சேரி பியானோ கலைஞர்களில் அவர் ஒருவர்.

சினிமாவில் அவர் பெரும்பாலும் தன்னையே நடித்தார். கதாநாயகனின் நண்பன், கையில் சிகரெட், வாயில் கசப்பான ஒரு வாக்கியம். 1951-இல் வந்த ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தில் வாய்ப்புக் கிடைக்காத ஒரு பியானோ கலைஞனாக வருகிறார். தன் கச்சேரியைப் பற்றி அந்தக் கலைஞன் கனவு காண்கிறான். பியானோ வாசிப்பவனும் அவனே, வயலின் வாசிப்பவர்களும் அவனே, நடத்துநரும் அவனே. கடைசியில் பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பவனும் அவனே. தன்னைத் தவிர யாருமே இல்லாத அரங்கம். படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. லெவான்ட்டைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு காட்சியைப் பார்த்தாலும் போதும்.

அடுத்த வருடம், 1952-இல், மாரடைப்பு வந்தது.

வலிக்குக் கொடுத்த மருந்து டெமரால். நம் மருத்துவமனைகளில் பெத்தடின் என்று அழைக்கப்படும் அதே ஊசிதான். 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் தயாரான அந்த மருந்து, மார்பினைப்போலப் பிடித்துக்கொள்ளாது என்ற நம்பிக்கையோடு சந்தைக்கு வந்தது. அந்த நம்பிக்கை தவறு என்று மருத்துவ உலகம் மெதுவாகத்தான் உணர்ந்தது. லெவான்ட்டுக்கு ஏற்கெனவே பலவகை அச்சங்கள். சில எண்களையும் சொற்களையும் கண்டு நடுங்குவார். ஒரு செயலை இத்தனை முறை செய்தால்தான் நிம்மதி என்று சடங்குகள் வைத்திருப்பார். மேடை ஏறுவதே ஒரு போர். அப்படிப்பட்டவர் கையில் இந்த ஊசி கிடைத்தது. கச்சேரிகளை ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார். இசைக் கலைஞர் சங்கத்தின் தடைக்கும் ஆளானார். தூக்கமின்மைக்குப் பாரால்டிஹைட், இன்னும் பல மாத்திரைகள். பிறகு மருத்துவமனை, மின் அதிர்ச்சி சிகிச்சை, வீடு, மறுபடியும் மருத்துவமனை.

1955-இல் வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய ‘தி காப்வெப்’ படம் வந்தது. மனநல மருத்துவமனை ஒன்றில் நடக்கும் கதை. லெவான்ட் அதில் நோயாளி. அவர் நடித்த கடைசிப் படம் அதுதான்.

இங்கே அந்தக் காலத்தின் வாய்ப்பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1955-இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தார்கள். அந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்சம். அவர்களைப் பற்றி அவரவர் வீட்டில்கூடத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். போதை அடிமைகள் நிலை இதைவிட மோசம். 1956-இல் வந்த போதைப்பொருள் சட்டம் கட்டாயச் சிறைத் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அடிமைப்பட்டவரை நோயாளியாகப் பார்க்காமல் குற்றவாளியாகப் பார்த்த சட்டம் அது. சினிமாவிலோ தணிக்கை விதிகள் போதைப் பழக்கத்தைக் காட்டவே அனுமதிக்கவில்லை. 1955-இல் ஃப்ராங்க் சினாட்ரா போதை அடிமையாக நடித்த ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. சான்றிதழ் இல்லாமலே அதை வெளியிட்டார்கள். அடுத்த வருடக் கடைசியில்தான் விதி தளர்ந்தது.

பெரிய மனிதர்களுக்கும் இந்த வாய்ப்பூட்டு பொருந்தியது. எர்னெஸ்ட் ஹெமிங்வே 1960 கடைசியில் மின்னசோட்டாவின் மேயோ மருத்துவமனையில் மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்பட்டார். அங்கே அவர் பதிவானது தன் மருத்துவரின் பெயரில். வெளியே சொல்லப்பட்ட காரணம் ரத்த அழுத்தம். நோபல் பரிசு பெற்றவருக்கே தன் நோயின் பெயரைச் சொல்ல வழியில்லை. 1961 ஜூலையில் அவர் தற்கொலை செய்துகொண்டபோது, துப்பாக்கியைத் துடைக்கும்போது நேர்ந்த விபத்து என்றுதான் முதல் செய்தி வந்தது.

அதே ஆண்டுகளில்தான் லெவான்ட் தேசியத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, தான் எந்த மருந்துக்கு அடிமை, எந்த வார்டில் இருந்தேன், மின் அதிர்ச்சிக்குப் பிறகு என்ன மறந்துபோயிற்று என்று பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். அவருக்கு முன்பே நடிகர்கள் வாய் திறந்ததுண்டு. லிலியன் ராத் என்கிற பாடகி-நடிகை 1953-இல் ‘திஸ் இஸ் யுவர் லைஃப்’ நிகழ்ச்சியில் தன் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த வருடம் அவருடைய சுயசரிதை வந்தது; 1955-இல் சூசன் ஹேவர்ட் நடிப்பில் படமாகவும் ஆயிற்று. ‘டிராகுலா’ புகழ் பெலா லுகோசி 1955-இல் தானே முன்வந்து போதை சிகிச்சைக்குச் சேர்ந்ததைப் பத்திரிகைகள் எழுதின. ஜாக் பாரின் மேசையருகே அடிக்கடி உட்கார்ந்த அலெக்சாண்டர் கிங் என்ற எழுத்தாளர் ஒருகாலத்தில் மார்பினுக்கு அடிமை. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த அரசு போதை சிகிச்சை மருத்துவமனையில் இருந்தவர். அதைப் பற்றியெல்லாம் சொல்லும் அவருடைய புத்தகம், ஜாக் பார் நிகழ்ச்சியில் அவர் பேசியதால்தான் ஆயிரக்கணக்கில் விற்றது.

ஆனால் இவர்கள் கரையேறிய பிறகு பேசினார்கள், அல்லது கரையேறும் வழியில் பேசினார்கள். ராத்தின் கதையில் இருட்டு இருந்தது, முடிவில் விடியல் இருந்தது. கேட்பவர்கள் அழுதார்கள், பிறகு ஆறுதலடைந்தார்கள். பழைய பாவத்தை ஒப்புக்கொண்டு திருந்திய ஒருவரை ஏற்பதற்கு அமெரிக்கச் சமூகத்தில் தேவாலயக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருக்கிறது. லெவான்ட் அந்த வழக்கத்துக்குள் அடங்கவில்லை. அவர் திருந்தவில்லை. திருந்திவிட்டேன் என்று ஒருபோதும் சொல்லவும் இல்லை. ஆறு மாதமாக என் நடத்தை அப்பழுக்கற்றது, ஏனென்றால் ஆறு மாதமாக எனக்கு நினைவே இல்லை என்ற அவருடைய வாக்கியம் பிரபலம். வெள்ளத்தில் இருந்துகொண்டே, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கரையில் நிற்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதற்கு முன் அப்படி ஒரு குரல் கேட்டதில்லை. இந்தத் தொடரில் அவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது அதற்காகத்தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் கேசிஓபி என்ற உள்ளூர் அலைவரிசையில் அவருக்குச் சொந்த நிகழ்ச்சியும் இருந்தது. 1958 முதல் 1960 வரை ஓடிய ‘தி ஆஸ்கர் லெவான்ட் ஷோ’. பெரிய செலவில்லாத அரங்கம், ஒரு பியானோ, லெவான்ட், உடன் மனைவி ஜூன். விருந்தினர்களோ சாதாரணமானவர்கள் அல்ல. கிறிஸ்டோபர் இஷர்வுட் வந்து கவிதை வாசித்திருக்கிறார். ஃப்ரெட் அஸ்டேர் வந்து பாடியிருக்கிறார். பக்கத்தில் பியானோ வாசித்தது லெவான்ட். அந்த அஸ்டேர் நிகழ்ச்சியின் பதிவு தப்பிப் பிழைத்திருக்கிறது. தொண்டை கட்டிய குரலில் தட்டுத்தடுமாறிப் பேசும் மனிதர், பியானோ கட்டைகளில் விரல் வைத்தவுடன் வேறு ஆளாவதை அதில் காணலாம்.

நேரடி ஒளிபரப்பில் அவருடைய நாக்குக்கு யாரும் கடிவாளம் போட முடியவில்லை. மர்லின் மன்றோ யூத மதத்துக்கு மாறியதைப் பற்றி அவர் சொன்ன கொச்சையான ஒரு வாக்கியத்தால் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியபோது முன்கூட்டியே பதிவு செய்து ஒளிபரப்பினார்கள். அதிலும் ஒரு வம்பு வந்து முடிவுக்கு வந்தது. மன்றோவைப் பற்றிய அந்தப் பேச்சு இன்று படித்தாலும் முகம் சுளிக்க வைக்கிறது. தன் நோயைப் பற்றிப் பேசும்போது அவரிடம் இருந்த நேர்மை, அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது பல நேரம் வெறும் குரூரமாக மாறியது. இதை மறைத்து அவரைப் புகழ்வது சரியல்ல.

ஜாக் பார் அவரைக் கையாண்ட விதம் வேறு. அவர் லெவான்ட்டை முந்துவதில்லை. ஒரு சின்னக் கேள்வி போட்டுவிட்டுக் காத்திருப்பார். அடுத்த வாக்கியம் வருமா வராதா என்ற சந்தேகம் நிறைந்த அந்த மௌனத்தில் பார்வையாளர்களும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். வாக்கியம் வந்தால் அரங்கம் அதிரும். கடைசிக் காலத்தில் ஜாக் பார் தன் நிகழ்ச்சியை முடிக்கும்போது, ஆஸ்கர் லெவான்ட் எங்கே இருந்தாலும் அவருக்கு இரவு வணக்கம் என்று சொல்வது வழக்கமாயிற்று. எங்கே இருந்தாலும் என்பது வெறும் அலங்காரம் அல்ல. அந்த நேரத்தில் லெவான்ட் வீட்டில் இருக்கிறாரா, மருத்துவமனை வார்டில் இருக்கிறாரா என்பது சொல்லிவிட முடியாத விஷயமாக இருந்தது.

ஒரு நோயாளியை வேடிக்கைப் பொருளாக்குகிறீர்கள் என்று ஜாக் பார் மீது விமர்சனம் எழுந்தது. பழைய காலத்தில் மனநோயாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு காட்டிய லண்டன் பெட்லம் மருத்துவமனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்றைய வாசகரும் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. முகம் கோணித் துடிப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். லெவான்ட் வந்தால் மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு என்பது என்பிசிக்கும் ஜாக் பாருக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால் பெட்லமில் கூண்டுக்குள் இருந்தவர்களுக்குப் பேச்சுரிமை இல்லை. இங்கே பேசியது லெவான்ட் மட்டுமே. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எதைச் சிரிப்பாக மாற்றுவது என்று தீர்மானித்தவர் அவரே. மேடை பயத்தால் கச்சேரிகளை இழந்த கலைஞருக்கு, கச்சேரி தேவைப்படாத மேடை இந்த நாற்காலி. ஸ்டூடியோக்கள் கைவிட்டன, கச்சேரி அரங்குகள் மூடிக்கொண்டன, சொந்த நிகழ்ச்சியும் நின்றுபோயிற்று. நோயோடே வா, இப்படியே உட்கார் என்று சொன்ன இடம் இது ஒன்றுதான். சுரண்டல் அறவே இல்லை என்று சொல்ல முடியாது; இருந்தும், அந்த அழைப்பு இல்லாதிருந்தால் லெவான்ட்டுக்கு மிஞ்சியிருப்பது வார்டும் மாத்திரையும்தான். ஜாக் பார் செய்தது மொத்தத்தில் நல்ல காரியம் என்பதே இந்தத் தொடரின் கருத்து.

இந்தக் கணக்கில் சேராத ஒருவர் உண்டு. ஜூன். அவரும் நடிகையாக இருந்தவர், 1939-இல் லெவான்ட்டை மணந்தார். மூன்று பெண் குழந்தைகள். கணவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், மாத்திரைகளை ஒளித்துவைப்பதும், அவர் அவற்றைக் கண்டுபிடிப்பதும், மகள்கள் எதிரில் நடக்கக்கூடாதவை நடப்பதும் அந்த வீட்டின் அன்றாடம். லெவான்ட் இதையெல்லாம் மேடையில் வேடிக்கையாகச் சொன்னார். பார்வையாளர்கள் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். ஜூனுக்கு அணைக்க விளக்கு இல்லை. முப்பத்து மூன்று வருடம் அவர் உடன் இருந்தார். லெவான்ட்டின் வெளிப்படையான பேச்சைக் கொண்டாடும் யாரும் அந்தப் பேச்சுக்கான விலையில் பாதியைக் கட்டியது இந்தப் பெண் என்பதை மறக்கக்கூடாது.

1965-இல் லெவான்ட் ‘நினைவிழந்தவனின் நினைவுக்குறிப்புகள்’ என்று பொருள்படும் தலைப்பில் சுயசரிதை வெளியிட்டார். தொலைக்காட்சியில் துண்டு துண்டாகச் சொன்னவை அதில் கோர்வையாக வந்தன. மருந்துகளின் பெயர்கள், வார்டுகள், சிகிச்சைகள் எல்லாம். 1968-இல் இன்னொரு புத்தகம். அதோடு மெல்ல வெளியுலகிலிருந்து ஒதுங்கி, பெவர்லி ஹில்ஸ் வீட்டுக்குள் அடைந்துகொண்டார்.

இத்தனை பேசியவரின் பேச்சில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. ஜாக் பார் காலத்து ‘டுநைட்’ நிகழ்ச்சிகளில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை உயர்ந்தது. நேற்று ஒளிபரப்பியதை அழித்துவிட்டு இன்று பதிவது நிலையங்களுக்கு இயல்பான சிக்கனம். 1962 முதல் 1965 வரை ஜாக் பார் வெள்ளிக்கிழமைகளில் நடத்திய வாராந்திர நிகழ்ச்சியின் பதிவுகள் ஓரளவு தப்பின. லெவான்ட்டை நாம் பார்ப்பது பெரும்பாலும் அவற்றில்தான். மற்றதெல்லாம் அன்று பார்த்தவர்களின் ஞாபகம், சில ஒலிப்பதிவுகள், பத்திரிகைத் துணுக்குகள், 1994-இல் சாம் கேஷ்னரும் நான்சி ஷோன்பெர்கரும் சேர்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு. அடிமைத்தனத்தையும் மனநோயையும் ஒருவர் உள்ளே இருந்தபடி நாட்டுக்குச் சொன்ன முதல் ஆவணங்கள், நாடா விலை காரணமாக அழிந்தன. இது பெரிய இழப்பு.

அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு நாடகம் முயன்றது. டக் ரைட் எழுதிய ‘குட் நைட், ஆஸ்கர்’ 2022-இல் சிகாகோவின் குட்மேன் அரங்கிலும், 2023-இல் நியூயார்க் பிராட்வேயிலும் மேடையேறியது. 1958-இல் ஓர் இரவு. மருத்துவமனையிலிருந்து சில மணி நேர அனுமதி வாங்கி லெவான்ட்டை ஜாக் பார் நிகழ்ச்சிக்கு அழைத்து வருகிறார்கள். வருவாரா, பேசுவாரா, வாசிப்பாரா என்பதுதான் கதை. கற்பனை கலந்தது, ஆனால் அந்தக் காலத்தின் பதற்றத்தைப் பிடித்திருக்கிறது. லெவான்ட்டாக நடித்த ஷான் ஹேய்ஸ் மேடையிலேயே கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ வாசித்தார். அவருக்கு அந்த வருடத்தின் சிறந்த நடிகருக்கான டோனி விருது கிடைத்தது.

லெவான்ட் பேசியதால் நாடு மாறியதா? இந்தக் கேள்விக்கு 1972 கோடையில் ஒரு பதில் வந்தது.

அந்த வருட அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மக்கவர்ன். துணை அதிபர் பதவிக்கு அவர் தேர்ந்தெடுத்தவர் மிசௌரி மாநில செனட்டர் தாமஸ் ஈகிள்டன். ஜூலை 25 அன்று ஈகிள்டன் நிருபர்களைக் கூட்டி ஓர் உண்மையைச் சொன்னார். 1960-க்கும் 1966-க்கும் இடையில் மூன்று முறை மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் இருந்திருக்கிறார். மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்திருக்கிறார். அதாவது, லெவான்ட் தொலைக்காட்சியில் எதைச் சொல்லி மக்களைச் சிரிக்க வைத்தாரோ அதையே, அதே ஆண்டுகளில், ஈகிள்டன் மறைத்து வைத்திருந்தார். ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்கிறேன் என்று முதலில் சொன்ன மக்கவர்ன், சில நாளில் கைவிட்டார். ஜூலை 31 அன்று ஈகிள்டன் போட்டியிலிருந்து விலகினார். வேட்பாளராக இருந்தது மொத்தம் 18 நாள்.

நோயாளி கோமாளியாக வந்தால் கேட்கலாம், பொறுப்பில் இருப்பவராக வந்தால் கேட்க முடியாது என்பது அன்றைய அமெரிக்காவின் நிலை. லெவான்ட் உடைத்தது ஒரு பூட்டை மட்டும்தான். ஆனால் நோயின் நடுவில் இருந்தபடியே அதை உடைத்தார். ஈகிள்டனை மிசௌரி மக்கள் கைவிடவில்லை. 1974-இலும் 1980-இலும் மறுபடி செனட்டுக்கு அனுப்பினார்கள்.

ஈகிள்டன் விலகிய இரண்டாவது வாரம், 1972 ஆகஸ்ட் 14. பெவர்லி ஹில்ஸ் வீட்டுக்கு கேண்டிஸ் பெர்கன் வந்திருந்தார். பிற்காலத்தில் தொலைக்காட்சி நட்சத்திரமாகப் பெரும் புகழ் பெற்றவர். அப்போது நடிப்போடு பத்திரிகைகளுக்குப் புகைப்படமும் எடுத்துவந்தார். லெவான்ட்டைப் படமெடுக்க வந்திருந்தார். ஜூன் கணவரைக் கீழே வரச்சொல்லி அழைத்தார். பதில் இல்லாததால் அறைக்குப் போய்ப் பார்த்தார். மாரடைப்பால் அவர் படுக்கையிலேயே இறந்திருந்தார். வயது 65.